நினைவகம் தீர்ந்தால் கணினி விழ வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிகள் ஏன் திடீரென்று உறைந்துபோகின்றன என்பது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, நினைவகம் தீர்ந்தால் இயங்குதளம் விழுந்துவிடும், ஆகவே ரேமைக் கூட்டுங்கள் என்று முடிகிறது. நினைவகம் தீர்வதால் மட்டும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுவதில்லை. "இடம் இல்லை" என்று கெர்னல் சொன்ன பதிலைக் காதில் வாங்காமல் மேலே நடக்கும் டிரைவர், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்தான், பல சமயங்களில் அதை விழவைக்கிறது. டிரைவர் எழுதப் பழகும் மாணவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரணப் பயன்பாட்டு நிரல் தவறான முகவரியைத் தொட்டால் அந்த நிரல் மட்டும் சாகும். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் அதன் தவறு எல்லோருடைய தலையிலும் விழுகிறது. நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும்படி லினக்ஸில் கேமலாக், விண்டோஸில் எக்ஸ்அலகேட்பூல்2 என எதைக் கூப்பிட்டாலும், இடம் கிடைக்காதபோது பொதுவாகக் கைக்கு வருவது 'நல்' என்னும் வெற்று பாயின்டர், அதாவது எந்த இடத்தையும் காட்டாத முகவரி. அதைச் சோதிக்காமல் அதன் வழியாக எழுதப் போவதுதான் விபத்து.

சோதிப்பதிலும் முன்பின் முக்கியம். 2009-இல் லினக்ஸின் டன் என்ற வலையமைப்பு டிரைவரில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. பாயின்டர் வெற்றா என்று பார்க்கும் வரி அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு மேலே உள்ள ஒரு வரியிலேயே அந்த பாயின்டர் வழியாக ஒரு மதிப்பு படிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே படித்தாயிற்று என்றால் அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிய ஜிசிசி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), சோதனை வரியையே தூக்கிவிட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்ற அது வழிவிட்டது. அதன்பின் கெர்னலைத் தொகுக்கும்போது இப்படிச் சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குத் தனியாகச் சொல்லிவைத்தார்கள். அங்கே பாயின்டர் வெற்றானது ஒதுக்கீடு தோற்றதால் அல்ல. ஆனாலும் பாடம் அப்படியே பொருந்தும்: கேட்ட அடுத்த வரியிலேயே சோதித்துவிட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் பிழைகள் ஏன் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன? இடத்தை எப்படித் தேடித் தர வேண்டும் என்பதை லினக்ஸில் ஒரு கொடி சொல்லும்; ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு சிறிய அளவு கேட்டால், கெர்னல் காத்திருந்து, நினைவகத்தின் சம அளவுத் துண்டுகளான பக்கங்கள் சிலவற்றை விடுவித்து, எப்படியாவது தந்துவிடப் பார்க்கும். 4 கிலோபைட் பக்கம் கொண்ட கணினியில் 8 பக்கங்கள், அதாவது 32 கிலோபைட் வரையிலான கோரிக்கை அநேகமாகத் தோற்பதே இல்லை. எனவே தோல்விக்கென்று எழுதிய வரிகள் அன்றாடப் பயன்பாட்டில் ஒருமுறைகூட ஓடுவதில்லை. ஓடாத நிரல் சரியான நிரல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதைவிடப் பெரிய அளவைத் தொடர்ச்சியாகக் கேட்டால் கதை வேறு. நூற்றுக்கணக்கான மெகாபைட் காலியாக இருந்தும், அது சிதறிக் கிடப்பதால் ஒரே ஒரு மெகாபைட்டைத் தொடர்ச்சியாகத் தர முடியாமல் போகலாம். ரேமைக் கூட்டினால் இது தீரும் என்று சொல்ல முடியாது, சற்றுத் தள்ளிப்போகும். அப்படிக் கேட்கும் பஃபரை, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை, வன்பொருள் நேரடியாகத் தொடப்போவதில்லை என்றால் கேவிமலாக் என்ற ஃபங்ஷன் போதும். தொடர்ச்சியான பக்கங்கள் கிடைக்காதபோது சிதறிய பக்கங்களைக் கோத்துத் தரும். சாதனம் அவசரமாகக் கூப்பிட்டதும் ஓடும் இன்டரப்ட் நிரலிலும், ஸ்பின்லாக் என்ற பூட்டு கையில் இருக்கும்போதும் காத்திருக்கவே கூடாது. அங்கே வழக்கமாகப் போடுவது ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடி. அது அவசரக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்றாலும் உண்மையிலேயே தோற்கும், நெரிசல் நேரத்தில் அடிக்கடி தோற்கும்.

ஆகவே டிரைவரை வடிவமைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "இந்த ஒதுக்கீடு இங்கே தோற்றால் அதை யாரிடம் சொல்வேன்?" என்பதுதான். சாதனத்தை இணைக்கும் புரோப் ஃபங்ஷனில் தோற்றால் ஈநோமெம், அதாவது -12 என்ற பிழை எண்ணைத் திருப்பினால் முடிந்தது; சாதனம் இணையாது, மற்றதெல்லாம் ஓடும். கோப்பைத் திறக்கும் இடத்தில் தோற்றால் பயன்பாட்டு நிரலுக்குப் பதில் போகும். இன்டரப்டுக்குள் தோற்றால் பதில் கேட்க ஆளே இல்லை. சாதனத்தைக் கழற்றும் ஃபங்ஷனிலும் அப்படித்தான், அது தோற்க அனுமதியே கிடையாது. இடத்தை விடுவிக்கப் போகிறவன் அதற்காக இடம் கேட்டு நிற்கக் கூடாது. நிறுத்துவதற்கு வன்பொருளுக்கு ஒரு கட்டளைப் பொதி அனுப்ப வேண்டும் என்றால், அந்தப் பொதிக்கான இடத்தைப் புரோபிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

புரோப் பாதியில் தோற்றால், அதுவரை பெற்றதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பித் தர வேண்டும். டிரைவரின் தனிக் கட்டமைப்பு, டிஎம்ஏ வளையம் (வன்பொருள் நேரடியாகத் தொடும் நினைவக வரிசை), இன்டரப்ட், கடைசியாகக் கெர்னலில் பதிவு என்ற வரிசையில் வாங்கினால், இன்டரப்ட் கிடைக்காதபோது வளையத்தை விடுவித்து, பிறகு கட்டமைப்பை விடுவிக்க வேண்டும். இதற்காகவே கெர்னல் நிரல்களில், பெயரிட்ட ஒரு வரிக்கு (லேபிளுக்கு) நேரே தாவும் கோட்டூ கட்டளை பயன்படுகிறது. வகுப்பறையில் அதைத் தீட்டு என்று சொன்னாலும் இந்த இடத்துக்கு அதுவே தெளிவான வழி. வழக்கமான பிழைகள் இரண்டு. ஒன்று, ஒரு படி தள்ளிய லேபிளுக்குத் தாவுவது: பெறாததை விடுவிப்போம், அல்லது பெற்றதை மறந்துவிடுவோம். மற்றொன்று இன்னும் மோசம். முந்தைய படி வென்றபோது பிழை மாறியில் இருந்த பூஜ்யம் அப்படியே கிடக்க, ஒதுக்கீடு தோற்றதும் அதில் -12 போடாமல் தாவிவிடுவார்கள். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு "வெற்றி" என்று திருப்புகிறது புரோப். கெர்னல் நம்பிக்கையோடு சாதனத்தைப் பயன்படுத்தப் போகும்போது, விபத்து நடந்த இடத்துக்கும் பிழை இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே தெரியாது.

லினக்ஸில் 2007 முதல் இருக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் இந்தத் திருப்பித்தரும் வேலையைத் தாமே செய்கின்றன. நல்ல வசதி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சாதனம் டிரைவரிலிருந்து பிரியும்போது அந்த நினைவகம் போய்விடும். பயனர் இன்னும் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அவர் கையில் இருப்பது செத்த முகவரி. யுஎஸ்பி சாதனத்தைப் பிடுங்கும் சமயத்தில் இதுதான் நடக்கும். இன்டரப்டை மட்டும் டெவ்எம் வழியாக வாங்கி, வளையத்தைக் கையால் விடுவித்தாலும் ஆபத்துதான். வளையம் போன பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கும்.

தோல்வியின் அடையாளம் எப்போதும் 'நல்' அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில கெர்னல் ஃபங்ஷன்கள் பிழை எண்ணையே பாயின்டராக மாற்றித் திருப்பும்; அதற்கு ஈஸ்_எர்ர் சோதனை. டிஎம்ஏ முகவரிக்கென்று தனிச் சோதனை ஃபங்ஷன் இருக்கிறது, பூஜ்யத்தோடு ஒப்பிடுவது தவறு. பூஜ்ய பைட் கேட்டால் கேமலாக் தருவது 'நல்' அல்ல, 16 என்ற மதிப்புள்ள ஒரு சிறப்பு பாயின்டர். பெற்ற இடத்தின் அளவை மாற்றித் தரும் கேரீஅலாக்கின் விடையைப் பழைய பாயின்டரிலேயே போடுவது இன்னொரு கண்ணி: தோற்றால் பழைய நினைவகம் அப்படியே இருக்கும், அதன் முகவரிதான் தொலைந்துபோகும். எண்ணிக்கையை அளவோடு பெருக்கிக் கேட்பதும் அப்படியே. 32 பிட் கணக்கில் 1,07,37,41,825-ஐ 4-ஆல் பெருக்கினால் கிடைப்பது 4 மட்டும். நான்கு பைட் தாராளமாகக் கிடைக்கும், அதில் நூறு கோடிக்கும் மேலான உறுப்புகளை எழுதப் போவோம். கேமலாக்_அர்ரே இந்தப் பெருக்கலைச் சோதித்து, வழிந்தால் மறுத்துவிடும்.

இனி ஓட்டத்தின் நடுவே வரும் தோல்வி. வலையமைப்பு அட்டையில் பாக்கெட்டுகளைப் பெற 256 இடங்கள் கொண்ட வளையம் இருப்பதாகக் கொள்வோம். பாக்கெட் வந்த பஃபரை மேலடுக்குக்குக் கொடுப்பதற்கு முன், அதன் இடத்தில் வைக்கப் புதிய பஃபரைக் கேட்க வேண்டும். கிடைத்தால் பழையது மேலே போகட்டும். கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டைக் கைவிட்டு, கைவிட்ட கணக்கில் ஒன்று கூட்டி, பழைய பஃபரையே வளையத்தில் திரும்ப வைக்க வேண்டும். டிசிபி என்ற இணைய நெறிமுறை, இழந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பவைக்கும். பயனருக்குச் சிறு தாமதம், அவ்வளவுதான். மாறாக, முதலில் மேலே கொடுத்துவிட்டுப் பிறகு புதியதைத் தேடும் டிரைவரில், ஒவ்வொரு தோல்விக்கும் வளையத்தில் ஓர் இடம் காலியாகும். எல்லாம் காலியானால் பாக்கெட் வராது. பாக்கெட் வராவிட்டால் இன்டரப்ட் வராது. இன்டரப்ட் வராவிட்டால் வளையத்தை நிரப்பும் நிரலும் ஓடாது. நினைவகம் பிறகு எவ்வளவு காலியானாலும் அட்டை மட்டும் ஊமையாகவே கிடக்கும். அப்படி வடிவமைத்தே ஆக வேண்டும் என்றால், சிறிது நேரம் கழித்து மறுபடி நிரப்பிப் பார்க்கும் வேலையைத் திட்டமிட்டு வைக்க வேண்டும். மெய்நிகர் கணினிகளுக்கான லினக்ஸின் விர்ட்டியோ வலையமைப்பு டிரைவர் பல ஆண்டுகள் அரை நொடி கழித்து முயன்றது இப்படித்தான்.

வட்டு டிரைவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. நினைவகம் குறையும்போது கெர்னல், மாறிய பக்கங்களை வட்டில் எழுதி அந்த இடத்தை மீட்கப் பார்க்கிறது. அந்த எழுத்தை முடிக்க வட்டு டிரைவர் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு இடம் கேட்டால், கெர்னல் மறுபடி பக்கங்களை எழுத அதே டிரைவரிடம் வரும். ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடப்பார்கள். இந்தப் பாதையில், வட்டில் எழுதப் போகாமல் இடம் தேடச் சொல்லும் ஜிஎஃப்பி_நோஐஓ கொடி கட்டாயம். அதோடு மெம்பூல் வேண்டும்: முன்கூட்டியே சில பொருள்களை வாங்கி வைத்து, வழக்கமான ஒதுக்கீடு தோற்றால் அதிலிருந்து தரும், அதுவும் தீர்ந்தால் யாராவது திருப்பித் தரும்வரை காத்திருக்கும். அதனால்தான் ஒரே கோரிக்கைக்காக ஒரே மெம்பூலில் இரண்டு பொருள்களை அடுத்தடுத்து எடுக்கக் கூடாது. எல்லோரும் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தால் திருப்பித் தர ஆளிருக்காது.

"தோற்கவே கூடாது" என்று கட்டளையிடும் கொடியை எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே என்று தோன்றும். விண்டோஸில் முன்பு கட்டாயம் கொடுத்தே தீரும் ஒரு தனி பூல் இருந்தது. அதுவும் தீர்ந்தபோது கணினி 0x41 என்ற எண்ணோடு நீலத்திரையில் நின்றது. பிறகு அதைக் கைவிட்டார்கள்.

கடைசியாகச் சோதனை. இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸ் கெர்னலை, வேண்டுமென்றே தோல்வியைப் புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்ஷன், அதில் நினைவக ஒதுக்கீடுகளைத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப், கசிவைத் தேடும் கேமெம்லீக், தவறான முகவரியைத் தொடுவதைப் பிடிக்கும் கேசான் ஆகியவற்றோடு தொகுத்துக்கொள்ள வேண்டும். ஃபெயில்ஸ்லாப் கோப்புறையில் உள்ள இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் கோப்பில் 'N' என்ற எழுத்தை எழுத வேண்டும். அது இயல்பாக 'Y' ஆக இருப்பதால் காத்திருக்கக்கூடிய ஒதுக்கீடுகளைத் தொடவே தொடாது. பலர் இதை மறந்துவிட்டு, டிரைவர் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டதாக மகிழ்கிறார்கள். பிறகு சோதனை நிரல் தன் ஃபெயில்-என்த் கோப்பில் 1 என்று எழுதிவிட்டு சாதனத்தை இணைக்கட்டும். முதல் ஒதுக்கீடு தோற்கும். அடுத்து 2, பிறகு 3. ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் திரும்பப் படித்தால் பூஜ்யம் என்றால் தோல்வி புகுத்தப்பட்டது என்று பொருள்; வேறு எண் வந்தால் அத்தனை ஒதுக்கீடுகள் இல்லை, சோதனை முடிந்தது. இன்டரப்டுக்குள் இந்த வழி எட்டாது. அதற்கு ஃபெயில்ஸ்லாபின் ப்ராபபிலிட்டி கோப்பில் 10 சதவீதமும் டைம்ஸ் கோப்பில் -1-உம் போட்டு, போக்குவரத்தை மணிக்கணக்கில் ஓட விட வேண்டும். டைம்ஸை மாற்றாவிட்டால் ஒரே ஒரு தோல்வியோடு நின்றுவிடும். விண்டோஸில் டிரைவர் வெரிஃபையரின் குறைவள உருவகச் சோதனை, 0x4 கொடி, இதே வேலையைச் செய்கிறது. இயல்பாக 10,000-க்கு 600 கோரிக்கைகளை மறுக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பார்க்க வேண்டியவை: கெர்னல் பதிவில் புதிய புகார் எதுவும் இல்லையா, கேமெம்லீக் ஸ்கேனில் கசிவு தெரிகிறதா, டிரைவரைக் கழற்ற முடிகிறதா, உடனே மறுபடி ஏற்றினால் "ஏற்கெனவே இருக்கிறது" என்ற பிழை இல்லாமல் ஏறுகிறதா. நான்காவதில்தான், திருப்பித் தர மறந்த பதிவுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன.

கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடும்போது, ரேம் பற்றிய ஆலோசனைக்குப் பக்கத்தில் டிரைவரைப் புதுப்பிக்கும்படியும் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்