மணல் எங்கே போய் நிற்கிறது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் பாறைகளை விடவில்லை என்பதில் மகிழ்ச்சி. இங்கும் அதே கதைதான். சென்ற வாரம் பழைய பெட்டியை ஒழித்தபோது இரண்டு புட்டி மணல் அகப்பட்டது. ஒன்று ஃபிராக்கிங்குக்காக, அதாவது அழுத்தமான நீரால் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பதற்காக, கிணற்றில் செலுத்தும் முன் எடுத்தது. மற்றது எண்ணெயோடு மேலே திரும்பி வந்தது. லென்ஸில் பார்த்தால், முதலாவதில் உருண்டையான குவார்ட்ஸ் மணிகள். இரண்டாவதில் பாதிக்குப் பாதி கூரிய சில்லுகள்.

பிளந்த விரிசல் மூடிக்கொள்ளாதபடி, பாறையின் பாரத்தை வெறும் மணல் எப்படித் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6000 பவுண்டு வரை நல்ல மணல் தாங்கும். அதற்கு மேல் மணிகள் நொறுங்கி, அந்தத் துகள்களே எண்ணெய் வரும் இடுக்குகளை அடைத்துவிடும் என்பதால்தான் ஆழமான கிணறுகளில் பீங்கான் மணிகளையோ, சில்லுகள் சிதறாதிருக்கப் பிசின் பூசிய மணலையோ பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், மணி உடைகிறதா என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதே பெரிய கேள்வி. அரை மில்லிமீட்டர் மணலை ஒரு சிட்டிகை எடுத்துக் குவளை நீரில் போட்டுப் பாருங்கள். இரண்டே நொடியில் அடியைத் தொட்டுவிடும். சில மில்லிமீட்டரே அகலமுள்ள விரிசலிலும் அதுதான் நடக்கிறது: மணல் கீழே படிந்து மேடாகிறது, மேட்டின் மேல் நீர் ஓடும் இடைவெளி குறுகக் குறுக ஓட்டம் வேகமெடுக்கிறது, பின்னால் வரும் மணிகள் அதன் முதுகில் உருண்டும் துள்ளியும் அப்பால் போய் விழுகின்றன. பம்பை நிறுத்தியதும், மணல் எட்டாத மேற்பகுதி மூடிக்கொள்ளும். அவ்வளவு உயரத்துக்குப் பிளந்ததில் அந்தப் பங்கு வீண்தான். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையைக் கலந்தால் மணல் மிதந்தபடி செல்லும், ஆனால் பசையின் எச்சம் உள்ளேயே தங்கிப் பாதையைக் கெடுக்கும். அதனால் மெல்லிய நீரில் நுண்மணலைக் கலந்து வேகமாகச் செலுத்துவதே இப்போது பரவலான வழக்கம்.

ஒருமுறை அவசரப்பட்டு மணலின் அளவைக் கூட்டச் சொன்னேன். விரிசலின் வாய் அடைபட்டு அழுத்தம் செங்குத்தாக ஏறியது. பம்புகளை நிறுத்திவிட்டு, குழாயில் நின்ற மணலைக் கழுவி வெளியேற்றவே இரண்டு நாளாயிற்று.

உங்களிடமுள்ள மென்மையான களிப்பாறைத் துண்டில் மணிகள் எவ்வளவு ஆழம் புதைகின்றன என்று அழுத்திப் பார்த்தீர்களா? அளந்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்