திருப்பணி நிறைவு அறிக்கை: கோமுகி முதல் லோங்காங் வரை

அன்புடைய ஆலய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அம்மன் அருளால் ஆனி மாதம் கும்பாபிஷேகம் நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் நிறைவெய்தியது. திருப்பணிக் கணக்கை உங்கள் முன் வைக்க வேண்டியது செயலாளர் என்ற முறையில் என் கடமை. வாட்சாப்பில் பாதிக் கணக்கு ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

விமானத்துச் சுதை வேலை, வர்ணம், மடைப்பள்ளிக் கூரை, மின்சாரக் கம்பி மாற்றம், கொடிமரப் பித்தளைத் தகடு எல்லாம் பேசிய நாளில், பேசிய தொகையில் முடிந்தன. ஸ்தபதி மீது ஒரு குறையும் இல்லை.

மொத்தத் திட்டச் செலவு 386,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று பொதுக்கூட்டத்தில் அனுமதி வாங்கினோம். முடிந்தபோது 431,700 வெள்ளி. கூடுதல் 45,700. இதில் 7,300 வெள்ளி, மழையால் சாரம் இரண்டு மாதம் அதிகமாக நின்ற வாடகை. மீதி 38,400 வெள்ளியும் அபிஷேக நீரை வடிகட்டப் பின்புறம் கட்டிய தொட்டிக்கும் லோங்காங்குக்கும், அதாவது வடிகாலுக்கும், போனது. “லோங்காங்குல காசைக் கொட்டிட்டாங்க” என்று சொல்லப்படுவது இந்தத் தொகையைத்தான். சொல்லப்போனால் முழுத் தொகை 90,400. திட்டமிட்டதே 52,000. மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போடுவதைத் தள்ளிவைத்துத்தான் அந்த 52,000-ஐ ஒதுக்கினோம். மண்டபத்தில் வியர்வை சிந்தியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. என் மகளும் அதில் ஒருத்தி.

ஏன் செய்தோம்? 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று இரவு இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பினாங்கு முழுக்கக் காற்றும் மழையும் அடித்து, ஆறுகள் கரை மீறி, மக்கள் வீட்டுக் கூரையில் ஏறி நின்ற இரவு. நாங்கள் நான்கு பேர் உற்சவரைத் தூக்கிக்கொண்டு மண்டப மாடிக்குப் போனோம். விடிந்து தண்ணீர் வடிந்ததும் கருவறைப் படியைக் கழுவ இறங்கினேன். மலைமண் சேறு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது இருந்தது. அதற்கு மேலே வழுவழுவென்று, விரலால் வழித்தால் நகத்துக்குள் ஏறும் வெள்ளைப் படலம் ஒன்றும் இருந்தது. புளித்த பால் நாற்றம். பல ஆண்டுகளாக நாம் கோமுகி (கருவறை அபிஷேக நீர் வெளியேறும் வாய்) வழியே லோங்காங்குக்கு அனுப்பிய பாலும் நெய்யும் சந்தனமும் வெள்ளத்தோடு திரும்பி வந்து அம்மன் வாசற்படியில் படிந்திருந்தன. அந்தப் படியை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கும்பாபிஷேகத் திட்டம் பேச்சுக்கு வந்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தப் படலம்தான்.

வெள்ளம் வந்ததே நம்மால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மலைச்சரிவை வெட்டும் இடங்களிலிருந்து மழைக்கு மண் கரைந்து இறங்குகிறது. ஒரு மணி நேரம் கொட்டினால் நம் பின்பக்க ஓடை தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடுவதை எல்லாரும் பார்க்கிறோம். அந்த மண் ஆற்றடியில் படியப் படிய ஆற்றின் ஆழம் குறைகிறது. கடல் ஏற்றமும் அதே நேரத்தில் சேர்ந்துகொண்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை, ஊருக்குள் ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 250 அடிக்கு மேலே உள்ள, அல்லது சரிவு 25 பாகைக்கு மேல் உள்ள நிலத்தில் கட்டக் கட்டுப்பாடு இருப்பது இதற்காகத்தான். மலை மேல் நடப்பதை நம் செயற்குழு தடுக்க முடியாது. நம் வளாகத்திலிருந்து என்ன வெளியே போகிறது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்த்தோம். வெளிப்பிரகாரம் சுமார் 600 சதுர மீட்டர், முழுக்க சிமெண்ட். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 மில்லிமீட்டர் பெய்தால் 36,000 லிட்டர், ஒரு சொட்டும் தரையில் இறங்காமல் அப்படியே கீழ்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு. ஒருகாலத்தில் அங்கே மணல்தான் இருந்தது. சிமெண்ட் போட்டதும் ஒரு திருப்பணிதான். அந்தச் செயற்குழுவிலும் நான் இருந்தேன், கையும் தூக்கினேன்.

அடுத்தது பால். வெள்ளிக்கிழமைகளில் 40 லிட்டர், ஆடிப்பூரத்தன்று 300 லிட்டருக்கு மேல். பால் தூய்மையான பொருள்தானே, ஆற்றை எப்படிக் கெடுக்கும் என்று பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களுக்குப் பால் பெரிய விருந்து. தின்று பெருகும்போது அவை தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பாலை மக்கவைக்க ஏறக்குறைய 100 கிராம் ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெயிலுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இருப்பது 8 மில்லிகிராம் அளவுதான். அப்படியென்றால் ஒரு சொம்புப் பால், பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும். அந்தத் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு மிதக்கும். நம் ஓடை ஆயர் ஈத்தாம் ஆற்றில் சேர்கிறது, அது சுங்கை பினாங்கில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. சுங்கை பினாங்கு கறுத்துக் கிடப்பதற்கு ஊரெல்லாம் காரணம், நாமும் அந்த ஊரில்தான் இருக்கிறோம்.

இனி எல்லாரும் காத்திருக்கும் குத்தகையாளர் (கட்டுமான ஒப்பந்தக்காரர்) விவகாரம்.

அபிஷேக நீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிட்டால் பாதிச் செலவில் முடிந்திருக்குமே என்று கேட்கிறார்கள். கேட்டோம். குருக்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அபிஷேக தீர்த்தம் கழிப்பறைத் தண்ணீரோடு சேரக் கூடாது, கால் மிதிக்கும் இடத்திலும் ஓடக் கூடாது. அதனால்தான் மூன்று அறைத் தொட்டி. முதல் அறையில் பூவும் விபூதியும் சந்தனமும் அடியில் தங்கும். இரண்டாவதில் நெய்யும் எண்ணெயும் மேலே மிதந்து நிற்கும். மூன்றாவது சரளைக்கல் பாத்தி, அதில் கல்வாழையும் வாழையும். அதன் வேர்களைத் தாண்டித்தான் தண்ணீர் லோங்காங்குக்குப் போகும். வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர் நம் உறுப்பினரின் மகன், ஒரு காசு வாங்கவில்லை.

வேலை தொடங்கிய ஒன்பதாம் நாள், நான்கடி ஆழத்தில் பாறை. குத்தகையாளர் பாறை உடைக்க மட்டும் 22,000 வெள்ளி கூடுதல் கேட்டார். மண் பரிசோதனை செய்யாமல் விலை கொடுத்தது அவர் தவறு என்றோம். பரிசோதனைக்குக் காசு ஒதுக்காதது எங்கள் தவறு என்றார். இரண்டுமே உண்மை என்று இப்போது எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. வேறு இருவரிடம் விலை கேட்டு 14,500-க்கு ஒத்துக்கொள்ள வைத்தோம்.

குழி ஏழடிக்குப் போனது. பின்னால் சரிவு, மேலே மழை. பலகைத் தடுப்புக் கட்டாமல் ஆளைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று தலைவர் பிடிவாதமாக நின்றார். அதற்கும் தடித்த சுவருக்கும் 11,200 வெள்ளி. “ரெண்டு நாள் வேலைக்கு இவ்வளவா” என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் புக்கிட் குக்குஸில் 9 பேர். பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் வந்த கூலியாட்கள். நம் குழியில் இறங்கிய இரண்டு பையன்களும் வங்காளதேசத்துக்காரர்கள். ஒருவன் தினமும் மத்தியானம் நம் அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இந்த 11,200 வெள்ளிக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

தடுப்புக் கட்டிய கையோடு குத்தகையாளர் ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார். ஏழு வாரம் வரவே இல்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்து “நாளைக்கு” என்றார். குழியில் மழைத்தண்ணீர் நின்றது. சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். ஓர் அம்மா வெள்ளைக் கரண்டியால் மொண்டு என் முகத்துக்கு நேராக நீட்டினார். உள்ளே ஏடிஸ் கொசுப்புழுக்கள், காற்புள்ளி காற்புள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. சுற்றுச்சூழலைக் காப்பாற்றத் தோண்டிய குழியில் டெங்கி வளர்த்ததற்கு 500 வெள்ளி அபராதம். அது இந்தக் கணக்கில் இல்லை. யார் கட்டியது என்று பொருளாளருக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

அதோடு முடியவில்லை. உடைத்த சிமெண்டையும் கல்லையும் முறையாக லோரியில் ஏற்றிப் போவதாகத்தான் ஒப்பந்தம். மூன்று லோரி அளவு, நம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் கொட்டிக் கிடந்ததை வாழை நடப்போன தொண்டர்கள் பார்த்தார்கள். ஓடையில் பாதி அடைத்திருந்தது. ஒரு பெரிய மழை வந்திருந்தால் 2017-ஐ நாமே நமக்குச் செய்துகொண்டிருப்போம். அதை அள்ளவும், குழியை இறைக்கப் பம்பு வாடகைக்கும் 3,000 வெள்ளி. வேறொரு குத்தகையாளரை வைத்து மீதியை முடிக்க 9,700. முதல் குத்தகையாளருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த 5,000 வெள்ளி கணக்கில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது. அவர் கேட்கவில்லை, நாங்களும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அவர் உறுப்பினர் ஒருவரின் உறவினர் என்பதால் வேலை கொடுக்கப்பட்டதாக ஒரு பேச்சு. வந்த நான்கு விலைப்புள்ளிகளில் அவருடையதே குறைவு. நான்கும் அலுவலகக் கோப்பில் உள்ளன.

உபயதாரர்கள். முழுப் பெயர்ப் பட்டியல் மண்டபத்துக் கல்லில் இருக்கிறது, எழுத்துப்பிழை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், ஸ்தபதியிடம் வேண்டாம். விமானத்துச் சுதை உருவங்கள் ஒவ்வொன்றுக்கும் உபயம் முதல் வாரத்திலேயே நிரம்பியது. கிழக்கு முகத்து அம்மன் உருவத்துக்கு மூன்று குடும்பங்கள் போட்டி. ஜெலுத்தோங் நகைக்கடைக்காரர் குடும்பம், பட்டர்வொர்த் லோரி முதலாளி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பதினாறு பேர், தண்ணீர்மலைப் பக்கத்து ஆசிரியைகள், ஆயர் ஈத்தாம் சந்தை மீன் வியாபாரி, காய்கறிக்கடை அண்ணன் தம்பிகள், அர்ச்சனைத் தட்டில் 10 வெள்ளி வைத்துவிட்டுப் பேர் சொல்லாமல் போன பல நூறு பேர், அனைவருக்கும் நன்றி. தொட்டிக்கு மட்டும் நான்கு மாதம் ஒரு உபயமும் வரவில்லை. லோங்காங் மூடியில் யார் பேர் எழுதுவார்கள்? கடைசியில் வாசலில் பூக்கட்டும் அம்மா 2,000 வெள்ளி கொண்டுவந்து கொடுத்தார். “என் பூவுதான தம்பி அதுல போயி அடைக்குது” என்றார். பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மீன் வியாபாரியும் மற்றவர்களும் தந்தார்கள்.

பால் விஷயத்தில் எடுத்த முடிவு எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்று தெரியும். இப்போது கொண்டுவரும் பாலில் ஒரு பகுதி அபிஷேகத்துக்கு, மீதி காய்ச்சி அன்னதானத்தில். குருக்களைக் கேட்டுத்தான் செய்தோம். “அம்மனுக்கு அளந்து ஊத்துறீங்களா” என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் பேரன் இரண்டு குவளை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரகாரத்தில் பாதி சிமெண்டைப் பெயர்த்து, நடைபாதைக்கு மட்டும் கருங்கல் பலகை விட்டு, மற்ற இடத்தில் மணலும் புல்லும். ஈர மணல் சேலையில் ஒட்டுகிறது என்ற புகார் சரியானதே. சக்கர நாற்காலிக்கு வடக்குப் பக்கம் தனி வழி அடுத்த மாதம் போடப்படும்.

பலன்? லோங்காங்கில் வெள்ளைத்தோல் படிவது நின்றிருக்கிறது. நாற்றம் குறைந்திருக்கிறது. சென்ற வாரம் இரண்டு சிறுவர்கள் மைலோ டப்பாவில் லோங்காங் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மீன் கொசுப்புழுவைத் தின்னும், நல்லதுதான். ஆனால் அது கெட்ட தண்ணீரிலும் பிழைக்கும் இனம். அதைக் காட்டி ஆறு சுத்தமாகிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. செப்டம்பர் மழையில் பிரகாரத்தில் தண்ணீர் தேங்கவில்லை. கீழ்வீட்டுச் சீன ஆத்தா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்த ஒன்றரை ஆண்டில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

தொட்டியின் இரண்டாம் அறையில் மிதக்கும் நெய்யை மாதம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். இதற்குத் தொண்டர் பட்டியல் அலுவலகக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. இதுவரை ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் செயற்குழுவினர், சராசரி வயது அறுபத்து மூன்று. முதல் சுத்தம் வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு. கையுறை ஆலயம் தரும், பழைய சட்டை போட்டு வரவும். கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் அன்றே ஒன்பது மணி முதல் அலுவலக மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு