மேல்நிலை பிரெஞ்சுப் பாடத்தில் கேட்டல், பேசுதல் தேர்வைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பிரெஞ்சு மொழி ஆசிரியர்,
மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு – பகுதி 1 பிரெஞ்சு – 20 மதிப்பெண்ணுக்குக் கேட்டல், பேசுதல் தேர்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் பிரெஞ்சு கற்பித்து வரும் ஆசிரியன் என்ற முறையில் இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

தற்போது மொழிப்பாடத்துக்கு உரிய 100 மதிப்பெண்ணில் 90 எழுத்துத் தேர்வுக்கும் 10 அகமதிப்பீட்டுக்கும் வழங்கப்படுகின்றன. அகமதிப்பீடும் வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வு, ஒப்படைவு போன்றவற்றைக் கொண்டே அமைவதால், இரண்டு ஆண்டுகளில் ஒரு வாக்கியம்கூடப் பிரெஞ்சில் பேசாத மாணவர் 95க்கு மேல் பெற்றுவிட முடிகிறது. பொறியியல் தரவரிசைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் மட்டுமே கணக்கில் வருவதால், மொழிப்பாடத்தில் அதிக உழைப்பில்லாமல் மதிப்பெண் கிடைத்தால் போதும் என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. பிரெஞ்சைப் பலர் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எழுதிப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி அல்ல பிரெஞ்சு. சொல்லின் இறுதியில் எழுதப்படும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் அவற்றுள் சில மீண்டும் ஒலிக்கின்றன. இதைக் காதால் கேட்டுப் பழகாதவர், தாமே பிழையின்றி எழுதிய வாக்கியத்தைப் பிறர் சொல்லும்போது அடையாளம் காண மாட்டார். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அது வேண்டியதுதான். எனினும் அதன் பயனாகப் பலர் பிரெஞ்சு அகரவரிசையையே பதினோராம் வகுப்பில்தான் தொடங்குகிறார்கள். கிடைக்கும் அந்த இரண்டு ஆண்டுகளும் மனப்பாடத்திலேயே கழிந்துவிடுகின்றன.

தங்கள் அலுவலகம் அமைந்துள்ள அதே கல்லூரிச் சாலையில் இயங்கும், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனத்தில் நடைபெறும் டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழ்த் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிற்கும் தலா 25 மதிப்பெண்; ஏதேனும் ஒன்றில் 5க்குக் கீழ் பெற்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் பிரெஞ்சுத் தேர்விலும் பேச்சுக்கு 30 விழுக்காடு உண்டு. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்க இலக்கு வைத்திருப்பதாகப் பிரான்ஸ் 2024இல் அறிவித்துள்ள நிலையில், நம் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிறகும் கட்டணம் செலுத்தி ஆரம்ப நிலையிலிருந்தே மீண்டும் படிக்க நேர்கிறது.

இதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இயற்பியல், வேதியியல் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்ற முறை நடைமுறையில் உள்ளது. அதையே பிரெஞ்சுக்கும் பின்பற்றி, கேட்டலுக்கு 10, பேசுதலுக்கு 10 ஒதுக்கலாம். கேட்டல் பகுதிக்கான ஒலிக்கோப்பை இயக்ககமே தயாரித்து, தேர்வு நாளன்று எல்லா மையங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். பேசுதல் தேர்வை வேறு பள்ளியைச் சேர்ந்த புறத்தேர்வாளர் நடத்த வேண்டும். சொந்தப் பள்ளி ஆசிரியரிடம் விட்டால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் விழும் என்பது ஆசிரியனாகிய எனக்கு நன்றாகத் தெரியும். உரையாடலைப் பதிவு செய்து வைத்தால் மறுமதிப்பீட்டுக்கும் உதவும். பிரெஞ்சு ஆசிரியர்கள் குறைவாக உள்ள மாவட்டங்களில் அண்டை மாவட்டத் தேர்வாளரைக் காணொலி வழியாக அமர்த்தலாம்.

செவித்திறன், பேச்சுத்திறன் குறைபாடுடைய மாணவர்களுக்கு உரிய விலக்கும் மாற்று மதிப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பாதிக்கப்படாதவாறு, அடுத்த கல்வியாண்டில் பதினோராம் வகுப்பில் சேருபவர்களிலிருந்து இம்மாற்றத்தைத் தொடங்கலாம். ஜெர்மன் பாடத்துக்கும் இதே முறையைப் பரிசீலிக்கலாம்.

எனவே, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துடன் கலந்தாலோசித்து, மாதிரி வினாத்தாளும் மதிப்பீட்டு அளவுகோலும் வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரெஞ்சு மொழி ஆசிரியர்

நகல்: இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னை – 600 006.