மேடைக் கம்பியைவிட மிக்சர் மேசைப் பக்கம் நல்லது

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் போகிறவர்களுக்கான உங்கள் பயணக் கட்டுரையில், அங்கே இருக்கிற நாட்களில் ஏதாவது ஆல்டர்நேட்டிவ் ராக் குழு பிரிக்ஸ்டன் அகாடமி என்ற இசை அரங்கத்துக்கு வந்தால் தவறவிடாதீர்கள் என்று எழுதியிருந்தது முற்றிலும் சரி. 'சீக்கிரம் போய் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று, மேடைக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்கச் சொன்ன யோசனைதான் சரியில்லை.

அந்த அரங்கம் 1929இல் சினிமா தியேட்டராகத் திறக்கப்பட்டது. அதனால் தரை மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும். கீழ்த்தளத்தில் நாற்காலி இல்லை, நின்றுதான் பார்க்க வேண்டும். பால்கனியில் இருக்கை உண்டு. மொத்தம் ஐயாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளும். சரிவு இருப்பதால் உயரம் குறைந்தவர்களுக்கும் பின்னாலிருந்தே மேடை தெரியும். அதே சரிவினால், பின்னால் உள்ளவர்கள் நெருக்கும்போது எடை முழுக்க முன்வரிசைமேல் இறங்கும்.

முன்வரிசையில் ஒலியும் சுமார்தான். குரல் வரும் பெரிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மேடையின் இருபுறமும் உயரத்தில் இருக்கும். அவை குறிவைப்பது கூட்டத்தின் நடுப்பகுதியை. கம்பியோரம் நிற்பவருக்கு டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் மண்டையைப் பிளக்கும், பாட்டின் வரி மட்டும் பிடிபடாது. பக்கவாட்டில் ஒதுங்கினால் வேறு சிக்கல். இரண்டு பக்க சப்-வூஃபர்களின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) அலைகளும் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து கூடும். அங்கிருந்து சில அடி நகர்ந்தாலே ஒன்றையொன்று குறைத்துக்கொண்டு, பாஸ் கிட்டாரின் சில ஸ்வரங்கள் காணாமல் போகும். பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போனாலோ, உயரே உள்ள ஸ்பீக்கர்களின் நேர்ஒலி மறைந்து எல்லாம் மந்தமாகக் கேட்கும். ஒலிப்பொறியாளர் தன் மிக்சர் மேசையில், அதாவது குரலையும் கருவிகளின் ஒலியையும் கலக்கும் மேசையில், கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். அவருக்கு இரண்டு மூன்று கஜம் முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். எந்த அரங்கத்துக்கும் இது பொருந்தும்.

காதடைப்பான் அவசியம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மருந்துக்கடை நுரை அடைப்பான் உச்ச ஸ்தாயி ஒலிகளை அதிகம் வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்கென்றே வடிகட்டி வைத்து விற்பதை வாங்குங்கள். எதுவானாலும் சரியாகப் பொருந்தாவிட்டால் பயனில்லை.

டிக்கெட் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திவிட்டது. இப்போது பெரும்பாலும் காகிதம் கிடையாது, போன் செயலிதான். வாசலில் ரோமிங் இழுக்காமல் தவிப்பவர்கள் அதிகம். ஹோட்டல் வைஃபையிலேயே டிக்கெட்டைப் போன் வாலட்டில் இறக்கி வையுங்கள், பேட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று போட்டிருந்தாலும் முந்தின நாளும் அன்று மதியமும் ஒருமுறை பாருங்கள். மேடை அமைத்து முடித்தபின், கருவிகளுக்காகப் பிடித்துவைத்த இடங்களை விடுவிப்பது வழக்கம். கள்ள டிக்கெட் ஆசாமியிடம் போகாதீர்கள். டிக்கெட் இல்லாமல் வாசல் பக்கம் போய் நிற்கவே வேண்டாம். 2022 டிசம்பரில் அந்த வாசலில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். அரங்கம் மூடப்பட்டு, கடும் நிபந்தனைகளோடு 2024 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது.

விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே போகிற எண்ணமும் வேண்டாம். ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடுவார்கள் என்று நம்பக் கூடாது. குளிர்காலமென்றால் கனமான கோட்டுக்குப் பதில் இரண்டு மெல்லிய உடுப்பு போதும். உள்ளே வியர்த்துக் கொட்டும்.

கதவு ஏழு மணிக்குத் திறந்தால் முதன்மைக் குழு மேடையேற ஒன்பதாகலாம். முதலில் வரும் துணைக்குழுவையும் கேளுங்கள்; அவர்களுக்கு ஒலி அளவைக் கொஞ்சம் அடக்கியே வைப்பார்கள், அதை வைத்து அவர்களை எடைபோட வேண்டாம். பதினொன்றுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பிரிக்ஸ்டன் ஸ்டேஷன் பாதாள ரயிலின் விக்டோரியா லைனில் கடைசி நிறுத்தம், வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுகளில் அந்த லைன் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் கடைசி வண்டி நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்