திரும்பி வரும் வழிக்குக் கூலி யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உணவு டெலிவரி, வாடகை வண்டி போன்ற வேலைகளைக் கைபேசிச் செயலி வழியே தரும் நிறுவனங்கள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. அந்தச் சட்டப்படி நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நல நிதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் அது தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. மாதம் 15,000 ரூபாய் பெறுபவருக்கு அதிகபட்சம் 750 ரூபாய் என்ற அளவு. அதுவும் நிதிக்குத்தான் போகும். கையில் விழும் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

கூலியின் கதையைப் பாருங்கள். ஓசூர் பேருந்து நிலையம் அருகிலுள்ள ஓட்டலில் இருந்து பாகலூர் சாலைப் பக்கம் 5 கி.மீ. ஆர்டர், கூலி 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் கட்டும்வரை 15 நிமிடம், போய்ச் சேர 15 நிமிடம். அந்தப் பக்கம் ஆர்டர் விழாததால் வெறும் வண்டியாகத் திரும்ப இன்னொரு 15. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டியில் போகவர பெட்ரோலே 22 ரூபாய். மிச்சம் 23 ரூபாய், முக்கால் மணி நேரத்துக்கு. டயர், ஆயில், செயின் செட் இன்னும் கழிக்கவில்லை.

இந்தத் திரும்பும் நேரத்தைத்தான் நிறுவனங்கள் எழுதும் சட்டங்கள் விட்டுவிடும். கலிஃபோர்னியாவில் ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்றவை 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2020 நவம்பர் வாக்கெடுப்பில் 'முன்மொழிவு 22' என்ற செயலி ஓட்டுநர் சட்டத்தை வெல்ல வைத்தன. குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் உறுதி என்றார்கள். கேட்கக் குளிர்ச்சிதான். ஆனால் ஆர்டரை ஏற்றதிலிருந்து ஒப்படைக்கும்வரை உள்ள நேரம் மட்டுமே கணக்கு. அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பது சேராது. திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு தேவை என்றும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

நம் மாநிலத்தில் செயலித் தொழிலாளர்களுக்கு 2023 முதல் நல வாரியம் இருக்கிறது. ஆனால் கூலியையும் ஐடி முடக்கத்தையும் (தொழிலாளரின் செயலிக் கணக்கை நிறுவனம் நிறுத்திவிடுவது) முறைப்படுத்தும் தனிச் சட்டம் வேண்டும். கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிலிருந்து நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். அத்திப்பள்ளியில் உள்ள இந்த உரிமை, எல்லை தாண்டி ஓசூருக்குள் இல்லை. தமிழகம் சட்டம் இயற்றினால் லாகின் முதல் லாக்அவுட் வரை வேலை நேரமாக எண்ண வேண்டும். ஆர்டர் கிடைக்காத பகுதிக்கு அனுப்பினால் திரும்பும் கிலோமீட்டருக்கும் கூலி தர வேண்டும்.

அதுவரை தொழிலாளர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மத்திய அரசின் இ-ஷ்ரம் இணையதளத்தில் பதிந்தால் மாநில நல வாரியத்தில் பதிந்ததாகாது, இரண்டும் தனித்தனி. ஆதாரில் பழைய கைபேசி எண் இருந்தால் ஓ.டி.பி. வராது, அதை முதலில் மாற்ற வேண்டும். 2025 டிசம்பரில் வெளியான மத்திய வரைவு விதிகளின்படி, நல உதவி பெற ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனத்தில் 90 நாள், பல நிறுவனங்கள் என்றால் மொத்தம் 120 நாள் வேலை காட்ட வேண்டும். ஒரே நாளில் மூன்று செயலிகளில் ஓட்டினால் மூன்று நாளாகக் கணக்கு. எனவே வாராந்திரக் கூலி விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறிடத்தில் சேமியுங்கள். ஐடி முடங்கிய பிறகு செயலிக்குள்ளேயே போக முடியாது.

தொழிலாளர் துறை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியில் பதிவு முகாம் நடத்தினால் மாலை 3 முதல் 6 மணிக்குள் வைக்கட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் அலுவலர்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்