15 வயது மூச்சும் 46 வயது மூச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆஸ்துமா கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இன்ஹேலர் மீதுள்ள வீண் பயத்தைப் போக்கும்படி எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆனால் '12 வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்று என்னையும் என் மகனையும் ஒரே வரியில் சேர்த்துவிட்ட இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கு வயது 46, அவனுக்கு 15. இருவருக்கும் ஆஸ்துமா. என்ன மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய அந்த வயது வரம்பு மருத்துவர்களுக்கு உதவலாம். நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க அது போதாது என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஒரு படிவம் இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றி ஐந்தே கேள்விகள். வேலை, பள்ளி, வீடு இவற்றில் ஏதும் தடைப்பட்டதா, மூச்சிரைத்ததா, இரவில் விழித்தீர்களா, உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள், உங்கள் கணிப்பில் நோய் எந்த அளவுக்குக் கட்டுக்குள் இருக்கிறது. மொத்தம் 25 மதிப்பெண். 20 அல்லது அதற்கு மேல் வாங்கினால் நோய் கட்டுக்குள் இருப்பதாகக் கணக்கு. ஒரே நாளில் இருவரும் எழுதினோம். அவன் 23, நான் 20. இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அன்று இரவு அவன் மேசையில் கிடந்த தடுப்பு இன்ஹேலரை (தினமும் எடுக்க வேண்டிய, ஸ்டீராய்டு கலந்தது) தற்செயலாகக் கையில் எடுத்தேன். புது இன்ஹேலரைத் திறக்கும் நாளில் அதன் மீது தேதி எழுதுவது என் வழக்கம். திறந்து 20 நாள் ஆகியிருந்தது. அது 120 பஃப் கொண்டது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் 80 போய் 40 மிச்சம் இருக்க வேண்டும். பின்பக்கச் சிறு கட்டத்தில் 96 என்று காட்டியது. இருபது நாளில் ஆறு நாள் மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. அந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுகூடத் தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தாயா என்று கேட்பதில்லை.

நான் கோபப்படவில்லை. எப்படி 23 வந்தது என்று மட்டும் கேட்டேன். "ஓடினால்தானே அம்மா இரைக்கும்? நான்தான் ஓடுவதே இல்லையே" என்றான். கால்பந்து அணியிலிருந்து அவன் விலகி ஐந்து மாதமாகிறது. ஆர்வம் போய்விட்டது என்று எங்களிடம் சொல்லியிருந்தான். நிவாரண இன்ஹேலர் எடுக்கவில்லை என்று அவன் எழுதியதும் உண்மைதான். நண்பர்கள் பார்க்க எடுக்கக் கூசி, கழிப்பறையில் நின்று மூச்சை அடக்கிச் சமாளித்திருக்கிறான். மூச்சுக்கு ஏற்றபடி தன் நாளைச் சுருக்கிக்கொண்ட பிள்ளைக்கு, அப்படிச் சுருக்கியதற்காகவே நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது.

என் 20 மதிப்பெண்ணின் கதை வேறு. எனக்குச் சிறுவயதில் இழுப்பு இருந்தது. வயதுக்கு வந்த பிறகு போய்விட்டது, முப்பதுக்கு மேல் திரும்பி வந்தது. 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் தயவுசெய்து இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைப் பருவத்தில் ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் ஆஸ்துமா, பருவமடைந்த பின் பெண்களிடமே அதிகம். அப்படித் திரும்பிய நோயோடு பல ஆண்டுகள் ஓட்டிவிட்டதால் நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மாடிப்படியில் இரைத்தால் வயது, எடை என்று நினைத்துக்கொள்வேன். விடியற்காலை நான்கு மணி இருமலை நோயாகவே நான் எண்ணவில்லை.

சில மாதம் கழித்து வேறொரு மருத்துவர், "கண்ணில் விடும் சொட்டு மருந்து உட்பட வேறு என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கண் அழுத்தத்துக்காக இரண்டு ஆண்டுகளாக டிமோலால் என்ற சொட்டு மருந்து விட்டு வந்தேன். அது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கி, ரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. நிவாரண இன்ஹேலரின் வேலையையும் கெடுக்கக்கூடியது. கண் மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், நான்கு மணி இருமல் நின்றது. (யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள், கண் அழுத்தமும் விளையாட்டல்ல.) எங்கள் வயதில் ஆஸ்துமா தனியாக இருப்பதில்லை. சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையே தாக்குதலைக் கிளப்பிவிடும். மாவும் பெயின்ட் தெளிப்பும் உள்ள வேலையில் இருப்பவரிடம், விடுமுறையில் இழுப்பு குறைகிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

மகனிடம் கேட்க வேண்டியவை இவை அல்ல. அதே மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனுடன் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். புகை, வேப் (மின் சிகரெட்) பற்றியெல்லாம் அந்த வயதினரிடம் பெற்றோர் இல்லாமல்தான் கேட்பேன் என்று முன்னதாகவே சொன்னார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வரும் வழியில் அவனாகவே ஒன்று சொன்னான். ஸ்டீராய்டு எடுத்தால் உயரமாக வளர மாட்டோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் விட்டு விட்டு எடுத்திருக்கிறான். சிறுவயது முதல் ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களிடமும் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவே வித்தியாசம், கட்டுக்குள் வராத ஆஸ்துமாவே வளர்ச்சியைப் பாதிக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். மூன்று ஆண்டுகளாக அவன் மனத்தில் இருந்த கேள்வி இது. நானும் கேட்கவில்லை, படிவமும் கேட்கவில்லை.

இதைச் சிறு விஷயம் என்று விட முடியாமல்தான் எழுதுகிறேன். பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவ உதவி கிடைப்பதற்கு முன்பே இறந்திருக்கிறார்கள். நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் அவசியம் என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலும் 2019-இல் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சொல்லிவிட்டது. மருந்து இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அது ஏன் உள்ளே போகவில்லை, போயும் ஏன் பலன் தரவில்லை என்ற விசாரணை மட்டும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதின்வயதினருக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். 'பெற்றோர்களே' என்று தொடங்காமல் அவர்களிடமே பேசுங்கள். உயரத்தைப் பற்றி, விளையாட்டைப் பற்றி, நண்பர்கள் முன் இன்ஹேலர் எடுப்பதைப் பற்றி எழுதுங்கள். முடிந்தால் விளையாட்டுப் பக்கத்துக்கு எதிரே போடுங்கள். என் மகன் முதலில் புரட்டுவது அதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி