பாப்பா, அஸுகாவைப் பார்த்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாயிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மேற்குத் தோட்டத்து மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. பெரியப்பா விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். போனில் எதை ஆரம்பித்தாலும் நீ "ம்" என்றதும் எனக்கு அடுத்த பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

உன் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிற சிவப்பு ரோபோவின் கதையைப் பார்த்து முடித்துவிட்டேன். எவாங்கெலியன் என்கிற அந்த ஜப்பான் அனிமே தொடர், 26 எபிசோடும். அப்பா தூங்கப் போனபிறகு தம்பி லேப்டாப்பில் போடுவான், கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்துப் படித்துப் பார்த்தேன். பத்தாவது படிக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இதன் முன்னால் உட்கார்ந்திருப்பாய். பொம்மைப் படம்தானே, அணைத்துவிட்டு வா என்றால் "இது பொம்மைப் படம் இல்லம்மா" என்று கத்துவாய். நீ சொன்னது சரிதான். பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கதை.

1995 அக்டோபரில் ஆரம்பித்து 1996 மார்ச்சில் டிவியில் முடிந்ததாமே. கதை நடப்பது 2015இல், ஹகோனே மலைப்பக்கம் டோக்கியோ-3 என்ற ஊரில். ஆபத்து வந்தால் கட்டடமெல்லாம் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஏரி வந்ததும் நிறுத்தச் சொல்லி உற்றுப் பார்த்தேன். ஜப்பான் போன முதல் வருஷம் நீ அனுப்பினாயே, தண்ணீருக்குள் சிவப்பு வாசல் நிற்கிற ஆஷி ஏரி போட்டோ. ரயில் மாறி, பஸ் மாறி எதற்கு அங்கே போனாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "வந்துட்டேன்மா" என்று மட்டும் எழுதியிருந்தாய். அப்போதெல்லாம் வாரம் தவறாமல் போட்டோ வரும். சரி, அது இருக்கட்டும்.

தம்பிக்கு ஷிஞ்சியைப் பிடிக்கிறது. எனக்கும் அந்தப் பையன்மேல் இரக்கம்தான். வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாத அப்பன் கெண்டோ திடீரென்று கூப்பிட்டு, இந்த ரோபோவில் ஏறு, இல்லையென்றால் திரும்பிப் போ என்கிறான். மாட்டேன் என்றதும், உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ரெய் என்ற பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், இவன் ஏறாவிட்டால் அவள் ஏற வேண்டும். 14 வயசுப் பிள்ளை வேறென்ன செய்யும், ஏறுகிறான். அப்புறம் ஒரு நாள் தென்துருவத்திலிருந்து அப்பனின் குரல் மட்டும் வருகிறது, நன்றாகச் செய்தாய் என்று. அந்த ஒரு வார்த்தைக்குப் பையன் உருகிப்போகிறான். நம் அப்பா கெண்டோ இல்லை, பாப்பா. போனை வாங்கியதும் "சாப்டியா, சரி, அம்மாகிட்டப் பேசு" என்று கொடுத்துவிடுகிறாரே, அதற்குமேல் அவருக்கு வராது. பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம் ஜப்பான் அரசாங்க ஸ்காலர்ஷிப் என்று இன்றைக்கும் அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் மனசு அந்தச் சிவப்பு ரோபோவை ஓட்டுகிற அஸுகாவிடம் போய் நின்றுவிட்டது. எட்டாவது எபிசோடில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு கப்பல் மேல்தளத்தில் வந்து நிற்கிறாளே, பார்த்ததும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை, 14 வயசிலேயே காலேஜ் படிப்பை முடித்தவள், எல்லாவற்றிலும் முதலாவதாக வர வேண்டும், யாரும் உதவிக்கு வரக்கூடாது. பாப்பா, நீ சைக்கிள் ஓட்டக் கற்றபோது பின்னால் பிடித்த என் கையைத் தட்டிவிட்டவள்.

அவர்களுக்கு சிங்க் ரேட் என்று ஒரு நம்பர் இருக்கிறது. ரோபோவோடு எவ்வளவு ஒன்றிப்போகிறார்கள் என்று அளக்கிற நம்பர். அது ஏறுகிறவரை அஸுகா அஸுகாவாக இருக்கிறாள். இறங்க ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டில் சிடுசிடு என்று விழுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். 22ஆவது எபிசோடில் அவளுடைய அம்மாவின் கதை வருகிறது. புத்தி பேதலித்து, ஒரு துணிப் பொம்மையை மகள் என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகள் எதிரே நிற்கிறாள், அவளை யாரோ ஒரு அக்கா என்கிறாள். பைலட்டாகத் தேர்வானதும் அந்தக் குழந்தை, அம்மா, என்னை எடுத்துட்டாங்க என்று சந்தோஷமாக ஓடி வருகிறது. கதவைத் திறக்கிறது. அதற்குமேல் நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். ஸ்காலர்ஷிப் லெட்டரைத் தூக்கிக்கொண்டு நீ தோட்டத்து வழியாக ஓடி வந்தது எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

24ஆவது எபிசோடில் இடிந்த ஒரு வீட்டில் குளியல் தொட்டிக்குள் அசையாமல் கிடக்கிறாள். சிங்க் ரேட் பூஜ்யம். உலகத்தைக் காப்பாற்றுகிற அத்தனை பெரிய ஆபீஸில், அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

நான் எதையும் கேட்கவில்லை. முன்பெல்லாம் வாய்க்கு வாய் புரொபசர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்பாய், இப்போது அவர் பேரே வருவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக வீடியோ போட்டபோது மத்தியான நேரத்தில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. அங்கே குளிர் என்று நினைத்துக்கொண்டேன். நீ சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஷிஞ்சியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிற மிசாட்டோவின் ஃபிரிட்ஜ் மாதிரி பீரும் ஐஸும் நொறுக்குத் தீனியுமாக உன் வீடும் இருக்கக்கூடாது. அந்தப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, ஆனால் வாசலில் தயங்கி நிற்கிற ஷிஞ்சியிடம் இது உன் வீடு என்கிறாளே, அதற்காக அவளை எனக்குப் பிடித்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை யாரும் போ என்று தள்ளவில்லை. கோயமுத்தூரிலேயே இடம் கிடைத்தது. அம்மாயி உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அதைத் தாண்டிக்கொண்டுதான் போனாய். போனது சரிதான், நீ போகாமல் வேறு யார் போவது? போனவள் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கதையை எடுத்த ஹிதெயாகி அன்னோவைப் பற்றித் தம்பி படித்துச் சொன்னான். உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். எவாங்கெலியன் ஆரம்பிப்பதற்கு முன் நாலு வருஷம் ஒன்றுமே செய்ய முடியாமல், செத்துப்போகவில்லை என்கிற அளவில் கிடந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறாராம். நாலு வருஷம், பாப்பா! அப்புறம் இதே கதையைப் புதிதாக நாலு படமாக எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது 2012இல் வந்ததும் மறுபடி உடைந்துபோய், மன அழுத்தத்தில் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மனைவியும் கூட இருந்தவர்களும் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் காட்ஸில்லா படம் ஒன்றை 2016இல் எடுத்துவிட்டு, எவாங்கெலியனை முடித்தது 2021இல். அத்தனை வருஷமும் ரசிகர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் அவரை விட்டுவிடவில்லை.

அந்தக் கடைசிப் படத்தையும் பார்த்தோம். தம்பி வேண்டாம் நீளம் என்றான், எனக்கு அதுதான் பிடித்தது. ஷிஞ்சி ஒரு கிராமத்துக்கு வந்து சேர்கிறான். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, ஏரிக்கரையில் இடிந்த கட்டடத்தில் போய் முடங்கிக் கிடக்கிறான். பழைய சிநேகிதர்கள் எதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அஸுகா மட்டும் அவனைக் கீழே தள்ளி, வாய்க்குள் சாப்பாட்டைத் திணிக்கிறாள். முன்பு தொட்டிக்குள் கிடந்த அதே பிள்ளை! நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு வாய் போடு, இன்னும் ஒரு வாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரெய் மாதிரியே இருக்கிற பெண் வயதான பெண்களோடு சேற்றில் இறங்கி நெல் நடவு செய்கிறாள். குனிந்து நாற்றை ஊன்றுகிறதை அப்படியே காட்டியிருக்கிறார்கள், அம்மாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இது எந்த ஊர் வயல் என்று கேட்டாள். நீ யார், என்ன சாதித்தாய் என்று அவளை அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை. நடத் தெரியாவிட்டால் சொல்லித் தருகிறார்கள்.

1997இல் வந்த பழைய எவாங்கெலியன் படத்தில் அஸுகா தன் சிவப்பு ரோபோவுக்குள் தண்ணீருக்கடியில் சுருண்டு கிடக்கும்போது, அம்மா இத்தனை நாளும் இதற்குள்தான் இருந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறாள். உடனே எழுந்துவிடுகிறாள். அதற்குப் பின்னால் வருவதைத் தம்பி எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அம்மா செத்த பிறகு உள்ளே இருந்தாள். நான் உயிரோடு இங்கே இருக்கிறேன். படிப்பு நின்றுபோனாலும், நின்றுபோகாவிட்டாலும், நம்பர் எதுவானாலும் இருக்கிறேன்.

அப்பா காலை ஆறரைக்கு சொசைட்டிக்குப் போய்விடுவார். அங்கே பத்து மணி. அந்த நேரத்தில் கூப்பிடு. வீடியோ போடு. தலை வாராவிட்டாலும் முகம் கழுவாவிட்டாலும் பரவாயில்லை, போடு. பருப்புப் பொடி இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்றால் நீ சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

உன் பழைய பேங்க் கணக்கில் டிக்கெட்டுக்கான பணம் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. வரவேண்டும்போல இருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பு, என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கட்டும், தம்பி பீஸுக்குக் கேட்டாலும் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா